விளக்கு சொன்னதைக் கேட்டோமா?



அறிவியல் நூல்களில் டேவியின் காப்பு விளக்குக்கு என்றும் ஓர் இடம் உண்டு. கண்டுபிடித்தவர் சர் ஹம்ஃப்ரி டேவி, ஆண்டு 1815, பயன், நிலக்கரிச் சுரங்கத்தில் தீ விபத்தைத் தடுத்தல். இந்த மூன்றையும் எழுதி, பக்கத்தில் ஒரு படமும் வரைந்துவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த விளக்கு சுரங்கத்துக்குள் இறங்கிய பிறகு என்ன நடந்தது? அது சொன்னதைக் கேட்டவர் எத்தனை பேர்? இந்த வினா எந்தத் தேர்விலும் வருவதில்லை. வரவேண்டிய வினா அதுவே என்பது என் கருத்து. நல்ல கருவி ஒன்றைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது எச்சரிக்கும்போது வேலையை நிறுத்தும் மனமும் உரிமையும் மனிதருக்கு இருப்பதே மறுபாதி. அந்த மறுபாதி இல்லாததால் எத்தனை உயிர்கள் மண்ணுக்குள் போயின என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மண்ணுக்குள் இருக்கும் பகை

நிலக்கரி என்பது பன்னெடுங்காலத்துக்கு முன் புதைந்துபோன காடுகளே என்று படித்திருக்கிறோம். அந்தக் காடுகள் கரியாக மாறும்போது மீத்தேன் என்னும் வாயுவும் உண்டாகிக் கரியின் இடுக்குகளில் அடைபட்டுக் கிடக்கிறது. சதுப்பு நிலங்களில் குமிழியிட்டு வருவதும் இதே வாயுதான். இரவில் அங்கே தோன்றும் ஒளியைப் பார்த்து நம் முன்னோர் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சினார்கள். சுரங்கத் தொழிலாளிக்கோ இது கதையில் வரும் பிசாசு அன்று. மீத்தேனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை அது கலந்திருக்கும்போது ஒரு சிறு சுடர் பட்டாலும் போதும், சுரங்கம் முழுவதும் வெடித்துவிடும்.

இதோடு முடிந்ததா? இல்லை. பழைய சுரங்கக் குழிகளில் கரியமில வாயு தேங்கி மூச்சை அடைக்கும். வெடிப்பு நடந்த பின்னரோ கார்பன் மோனாக்சைடு பரவும். சுரங்க வெடிப்புகளில் இறப்போரில் பெரும்பாலோர் தீயினால் அல்ல, இந்த நச்சு வாயுவினாலேயே இறக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1896-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக் காட்டினார்.

இத்தனை ஆபத்துக்கு நடுவில் வெளிச்சமின்றி வேலை செய்ய முடியுமா? முடியாது. ஆனால் அக்காலத்தில் வெளிச்சம் என்றாலே மெழுகுவத்திதான். விளக்கே வெடிக்குக் காரணமாகிவிடும் கொடுமை அது. சில சுரங்கங்களில் எஃகுச் சக்கரம் ஒன்றைச் சுழற்றி, அதில் சிக்கிமுக்கிக் கல்லை உரசி, பறக்கும் பொறிகளின் மங்கிய ஒளியில் வேலை செய்தார்கள். சக்கரத்தைச் சுழற்றும் வேலை பெரும்பாலும் சிறுவர்களுடையது. அந்தப் பொறியும் சில வேளைகளில் வெடிப்பை உண்டாக்கிற்று. வேறு சில இடங்களில் ஒருவர் நனைந்த துணியைத் தலைமுதல் கால்வரை போர்த்துக்கொண்டு, நீண்ட கழியின் நுனியில் தீயைக் கட்டி, தரையோடு தரையாகத் தவழ்ந்து சென்று, மேலே தேங்கிய வாயுவை வேண்டுமென்றே கொளுத்திவிடுவார். முக்காடிட்ட அவருடைய கோலம் தவசியைப் போல் இருந்ததால் பிரெஞ்சு நாட்டில் அவரைத் 'தவம் செய்வோர்' என்ற பெயராலேயே அழைத்தார்கள். மற்றவர் உயிருக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்தவருக்குப் பொருத்தமான பெயர்தான்!

92 சவப்பெட்டிகள்

1812-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் வட இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்னும் ஊரின் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். உள்ளே எரிந்த தீயை அணைப்பதற்காகச் சுரங்க வாயை அடைத்துவிட்டார்கள். ஆறு வாரங்களுக்குப் பின்னரே உடல்களை வெளியே எடுக்க முடிந்தது. பெற்ற மகனை முகம் பார்த்து அடையாளம் காண முடியாமல், காலணியையும் சட்டையையும் பார்த்து அழுத தாய்மாரை நினைத்துப் பாருங்கள்.

அவர்களை அடக்கம் செய்தவர் அவ்வூர் ஆங்கிலிகன் குருவானவர் ஜான் ஹாட்சன். மந்திரம் சொல்லி மண்ணிட்டதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. சுரங்க விபத்துகள் ஊருக்குத் தெரிவதை உரிமையாளர்கள் விரும்பாத காலம் அது. ஆயினும் அவர் நடந்ததையெல்லாம் விவரமாக எழுதி அச்சிட்டு வெளியிட்டார். மக்கள் மனம் கலங்கிற்று. 1813-ஆம் ஆண்டு சுரங்க விபத்துகளைத் தடுப்பதற்கென்றே சண்டர்லாந்து நகரில் ஒரு சங்கம் தோன்றியது. அந்நகர மருத்துவர் வில்லியம் ரீட் கிளானி ஒரு விளக்கைச் செய்து காட்டினார். கில்லிங்வொர்த் சுரங்கத்தில் எந்திரங்களைப் பார்த்துவந்த ஜார்ஜ் ஸ்டீவன்சன், பின்னாளில் இரயில் எந்திரத்தால் புகழ்பெற்றவர், தம் கையாலேயே ஒரு விளக்கைச் செய்து 1815 அக்டோபரில் வாயு நிறைந்த இடத்துக்கே கொண்டுபோய்ச் சோதித்தார். அதே ஆண்டில் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்ற டேவி, சில மாதங்களிலேயே கம்பிவலை விளக்கை உருவாக்கினார். 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அது சோதிக்கப்பட்டது.

முதலில் கண்டவர் டேவியா, ஸ்டீவன்சனா என்று அந்நாட்டார் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். டேவி தம் விளக்குக்குக் காப்புரிமை பெற மறுத்துவிட்டார் என்பதை மட்டும் மறவாதிருப்போம். பெற்றிருந்தால் ஆயிரமாயிரம் பவுன் சேர்ந்திருக்கும். மனித உயிரைக் காக்கும் பொருளுக்கு விலை வைக்க அவர் மனம் இசையவில்லை.

கம்பிவலையின் கருணை

அந்த விளக்கின் தத்துவம் மிக எளிது. ஆய்வுக்கூடத்தில் பன்சன் அடுப்பின் மேல் கம்பிவலையைப் பிடித்து, வலைக்கு மேலே வரும் வாயுவைக் கொளுத்தினால், சுடர் வலைக்கு மேலேயே நின்றுவிடும், கீழே இறங்காது. கம்பி வெப்பத்தை விரைவாக வாங்கிப் பரப்பிவிடுவதால், வலையின் மறுபுறம் உள்ள வாயு பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறுவதில்லை. டேவி எண்ணெய்த் திரியைச் சுற்றிலும் இப்படியொரு வலைக்கூட்டை அமைத்தார். ஒரு சதுர அங்குலத்தில் 784 துளைகள்! காற்று உள்ளே போகும்; வெளிச்சம் வெளியே வரும்; தீ மட்டும் வெளியே வராது.

இதனினும் பெரிய நன்மை ஒன்று உண்டு. அந்த விளக்கு பேசிற்று! சுரங்கத்தில் மீத்தேன் கலந்தால் சுடர் நீண்டு, அதன் தலையில் வெளிர்நீலத் தொப்பி ஒன்று தோன்றும். வாயு மிகுந்தால் அந்தத் தொப்பி உயரும். கரியமில வாயு நிறைந்த இடமானால் சுடர் மங்கி அணையும். கண்ணுக்குத் தெரியாத பகைவனைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்த நண்பன் அது.

இனிமேல் விபத்தே இராது என்று நாடு மகிழ்ந்தது. டேவிக்கு விலையுயர்ந்த வெள்ளிப் பாத்திரங்களைப் பரிசளித்தார்கள். ஆனால் நடந்தது என்ன? 1835-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு கணக்கெடுத்தது. விளக்கு வருவதற்கு முந்திய 18 ஆண்டுகளில் டர்ஹாம், நார்தம்பர்லாந்து மாவட்டங்களின் சுரங்கங்களில் மாண்டவர்கள் 447 பேர். விளக்கு வந்த பின் 18 ஆண்டுகளில் மாண்டவர்கள் 538 பேர்!

இது எப்படி நேர்ந்தது? விளக்கு பொய்த்ததா? இல்லை. சுரங்கங்கள் பெருகின, வேலையாட்களும் பெருகினார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் முக்கிய காரணம் வேறு. விளக்கு வருமுன், வாயு மிகுந்த அடுக்குகளை ஆபத்தானவை என்று கைவிட்டிருந்தார்கள். விளக்கு வந்ததும் 'இனி அங்கேயும் போகலாம்' என்று ஆட்களை அனுப்பினார்கள். காற்றோட்டத்துக்குச் செலவிட வேண்டிய பணத்தை மிச்சப்படுத்த விளக்கே ஒரு சாக்காயிற்று. "வாயு இருக்கிறது, வெளியே வா" என்று சொல்லப் பிறந்த விளக்கை, "வாயு இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே போ" என்று சொல்ல வைத்துவிட்டார்கள். குடை கிடைத்துவிட்டது என்பதற்காகப் பெருவெள்ளத்தில் இறங்கலாமா?

யார் மேல் குற்றம்?

தொழிலாளிகள் கவனக்குறைவாக விளக்கைத் திறந்தார்களே, அது அவர்கள் குற்றமன்றோ என்று கேட்பவர்கள் உண்டு. திறந்தது உண்மைதான். ஏன் திறந்தார்கள் என்றும் கேட்க வேண்டாமா? கம்பிவலைக்குள் அடைபட்ட சுடரின் வெளிச்சம் மெழுகுவத்தியின் வெளிச்சத்தைவிட மிகக் குறைவு. வெட்டிய கரியின் எடைக்கேற்பத்தான் கூலி. மங்கிய ஒளியில் கை தாமதித்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. உயிருக்கு ஆபத்து நாளை வரலாம். பசியோ இன்றே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏழையை நிறுத்திவிட்டு, அவன் தவறினால் அவனையே குற்றவாளி என்பது நியாயம் ஆகுமா?

வலையும் குறையற்றது அன்று. துருப்பிடித்துத் துளை விழுந்தால் பயனில்லை. காற்று வேகமாக வீசினால் சுடர் வலையைக் கடந்துவிடும். இதைப் பின்வந்தவர்கள் உணர்ந்து, பெல்ஜியத்தில் மியூசலர், பிரான்சில் மார்சோ போன்றவர்கள் கண்ணாடியும் இரட்டை வலையும் மூடுறையும் சேர்த்துத் திருத்தினார்கள். விளக்கை உள்ளே திறக்க முடியாதபடி பூட்டும் போட்டார்கள். இவையெல்லாம் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

காற்றோட்டத்தின் கதையோ இன்னும் வருத்தமானது. சுரங்கத்துக்குள் காற்று சரியான வழியில் போகக் கதவுகள் இருக்கும். கரி வண்டி வரும்போது திறந்து, போனதும் மூட வேண்டும். மூடாவிட்டால் காற்று வழிமாறும்; வாயு சேர்ந்துவிடும். நூற்றுக்கணக்கானோர் உயிரைத் தாங்கும் இந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தார்கள் தெரியுமா? ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம்கூட! இருட்டில், தனியாக, பன்னிரண்டு மணி நேரம் அவர்கள் கதவருகே உட்கார்ந்திருந்தார்கள். சில மாவட்டங்களில் சிறுமிகளும் இந்த வேலை செய்தார்கள். 1842-ஆம் ஆண்டு விசாரணைக் குழுவிடம் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வெளிச்சம் இருந்தால் சில வேளை பாடுவதாகவும், இருட்டில் பாடத் துணிவில்லை என்றும் சொன்னாள். நம் வீட்டுத் தங்கையின் வயது அவளுக்கு! அந்த அறிக்கையைப் படித்து நாடே வெட்கித் தலைகுனிந்தது. பெண்களும் சிறுமிகளும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் பூமிக்கடியில் வேலை செய்வதை அவ்வாண்டுச் சட்டம் தடை செய்தது. டேவியின் விளக்கு வந்து 27 ஆண்டுகள் கழித்து!

கேட்காத காதுகள்

விளக்கு மட்டுமா எச்சரித்தது? அறிஞர்களும் எச்சரித்தார்கள். டேவி விளக்கைச் செய்தபோது உடனிருந்து உதவிய இளைஞர் மைக்கேல் ஃபாரடே. 1844-ஆம் ஆண்டு ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்து 95 பேர் மாண்டபோது, அதை ஆராய அரசு அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். வாயு மட்டுமன்று, காற்றில் பறக்கும் கரித்தூளும் வெடிப்பைப் பெருக்குகிறது என்று அவரும் உடன் சென்ற சார்லஸ் லயலும் எழுதினார்கள். பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1906 மார்ச் 10-ஆம் நாள் பிரான்சில் கூரியேர் சுரங்கத்தில் கரித்தூள் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். அங்கே தொழிலாளர் பலர் கையில் இருந்தவை திறந்த விளக்குகள்!

தெற்கு வேல்ஸின் செங்கனித் சுரங்கம் 1901-இல் ஒரு முறை வெடித்து 81 பேரைப் பலி கொண்டது. அதற்குப் பிறகாவது விழித்திருக்க வேண்டாமா? ஆபத்து வேளையில் காற்றோட்டத்தைத் திசை திருப்பும் வசதி ஒவ்வொரு சுரங்கத்திலும் வேண்டும் என்று 1911-இல் சட்டம் வந்தது. அங்கே அதற்கான வேலை முடியவில்லை. கொடுத்த தவணையும் 1913 செப்டம்பரோடு தீர்ந்தது. அக்டோபர் 14-ஆம் நாள் சுரங்கம் மீண்டும் வெடித்தது. தொழிலாளர் 439 பேரும், அவர்களைக் காப்பாற்றப் போன ஒருவரும் மாண்டார்கள். மேலாளருக்கு விதித்த அபராதம் 24 பவுன். ஓர் உயிரின் விலை ஒரு ஷில்லிங்கும் சில்லறையும் என்று பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டிற்று. அதே நாட்டில் சட்டைப்பையில் தீக்குச்சியோடு சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியதுண்டு. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாடும் இந்தத் துயரத்துக்கு விலக்கன்று. மேற்கு வங்காளத்தில் சினாக்குரி சுரங்கம் 1958-இல் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 1965-இல் அன்றைய பீகாரில் இருந்த தோரி சுரங்கத்தில் 268 பேர் மாண்டார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் வெட்டி எடுப்பதால் வாயு பூமிக்கடியில் அடைபட வழியில்லை. அதனால் நமக்கு இந்த அச்சம் தெரியாது. ஆனால் ஜாரியாவிலும் இராணிகஞ்சிலும் கணவனை வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் பழங்கதை, இன்று மின்கருவிகள் வந்துவிட்டனவே என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். எண்ணெய்ச் சுடருக்குப் பதில் தலையில் மின்விளக்கு வந்துவிட்டது. கார்பன் மோனாக்சைடை அறியக் கூண்டில் கொண்டுபோன கானரிக் குருவிகளுக்கும் பிரிட்டனில் 1986-இல் விடுதலை அறிவித்து, மின்னணுக் கருவியைக் கொண்டுவந்தார்கள். சுடரைப் பார்த்து ஊகித்த அளவை இன்று எண்ணாகவே படிக்கலாம். ஆனால் 2010 நவம்பர் 19-ஆம் நாள் நியூசிலாந்தில் பைக் ரிவர் சுரங்கம் வெடித்து 29 பேர் மாண்டார்களே, அங்கே கருவி இல்லையா? இருந்தது. விசாரணை ஆணையம் 2012-இல் என்ன சொல்லிற்று? வெடிப்புக்கு முந்திய 48 நாட்களில், மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 முறை எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்த, ஆயினும் ஆபத்தான அளவை எட்டியதாக இன்னும் 27 முறை! நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 48 எச்சரிக்கைகள். கரியை எடுக்கும் அவசரத்தில் அவற்றைப் பொருட்படுத்த ஆளில்லை. 1816-க்கும் 2010-க்கும் இடையில் கருவி மாறியது, காது மாறவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

கருவியே வேண்டாம் என்பது என் வாதமன்று. டேவியும் ஸ்டீவன்சனும் கிளானியும் காப்பாற்றிய உயிர்களை எண்ணி முடியாது. விளக்கில்லாமல் அதே அடுக்குகளில் வேலை செய்திருந்தால் இழப்பு பன்மடங்காகியிருக்கும். ஆனால் கருவியை வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுவதைத்தான் நான் மறுக்கிறேன். விளக்கு ஒரு சாட்சி. சாட்சி சொன்ன பிறகு தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டும். ஆபத்து என்று தெரிந்தவுடன், "நிறுத்து" என்று சொல்லும் உரிமை சுரங்கத்தில் நிற்கும் கடைசித் தொழிலாளிக்கும் வேண்டும். நிறுத்தியதற்காக அவர் கூலி குறையக் கூடாது. வேலையும் போகக் கூடாது. 1995-ஆம் ஆண்டு அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை, ஆபத்தான இடத்தைவிட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று தெளிவாகவே கூறுகிறது. ஏட்டில் எழுதிய அந்த உரிமை ஒவ்வொரு சுரங்கத்தின் அடியிலும் நடைமுறைக்கு வர வேண்டும்.

இதில் நமக்கு என்ன பங்கு என்று நினைக்காதீர்கள், தோழியரே. நம்மில் சிலர் நாளை பொறியியல் படிப்பார்கள். சிலர் அலுவலகங்களில் கையெழுத்திடும் இடத்தில் அமர்வார்கள். சிலர் சட்டம் பயில்வார்கள். மேசைமேல் வரும் ஒரு தாளில் "வாயு மிகுந்துள்ளது" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவதா, எழுந்து நின்று வேலையை நிறுத்துவதா என்பதில்தான் பல குடும்பங்களின் விளக்கு எரிவதும் அணைவதும் இருக்கிறது. சமையல் வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் நாம் அறிய வேண்டும் என்றே அதில் கெட்ட நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்த பிறகும் சன்னலைத் திறக்காமல் தீக்குச்சியைக் கிழிப்பவள் நம்மில் யாராவது உண்டா? நம் வீட்டு அடுப்படியில் காட்டும் அந்த அக்கறையை, முகம் தெரியாத ஒருவர் பூமிக்கடியில் நிற்கும் இடத்துக்கும் காட்டுவோம். அதுவே படித்த பெண்ணுக்கு அழகு.